செத்துப்போன வாத்தியங்களை ஏன் எழுப்ப வேண்டும்? (பாஹின் 106ஆம் காண்டாட்டா)

2024 செப்டம்பர் 8
வாசகர் ஒருவர் கேட்டது:

ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் ஒரு சாவுக்காக எழுதிய 106ஆம் காண்டாட்டாவை (குரலும் வாத்தியமும் சேர்ந்த கோயில் இசை) இரண்டு விதமாகக் கேட்டேன். ஒன்றில் பெரிய கோரஸ், நவீன ஆர்க்கெஸ்ட்ரா. இன்னொன்றில் நாலே பாடகர்கள், இரண்டு ரெக்கார்டர் (நேராகப் பிடித்து ஊதும் மரக்குழல்), காலிடுக்கில் வைத்து வில்லால் வாசிக்கும் இரண்டு கம்பா, ஒரு சின்ன ஆர்கன். இரண்டாவது மெலிந்து கிடக்கிறது. சுருதியும் அரை ஸ்வரம் இறங்கியிருக்கிறது. நல்ல புல்லாங்குழலும் செல்லோவும் இருக்கும்போது, உலகம் கைவிட்ட வாத்தியங்களை மியூசியத்திலிருந்து தூக்கிவந்து வாசிப்பது இசையா, வேஷமா?

2024 செப்டம்பர் 8, இரவு

வேஷம் என்ற சொல் சுட்டது. அந்தக் கம்பா வாசிக்கிறவர்களில் நானும் ஒருத்தி.

பொறையாற்றில் வளர்ந்தேன், ஒன்பது வருஷம் வீணை படித்தேன். வேலைக்காக ஜெர்மனி வந்து ஐந்தாம் ஆண்டில்தான் வியோலா ட காம்பா என்பதை, சுருக்கமாகக் கம்பாவை, முதலில் பார்த்தேன். ஆறு தந்தி. விரல் வைக்கும் பலகையில் ஏழு மெட்டு. வீணையில் மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கும், நகராது. இதில் ஆட்டுக்குடல் நரம்பைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், வேண்டிய இடத்துக்கு மயிரிழை நகர்த்தலாம். தந்திகளும் குடல்தான். வில்லைக் கீழிருந்து, உள்ளங்கை மேலே பார்க்கப் பிடிக்க வேண்டும். வயலினில் இழுக்கும் வீச்சுக்குத்தான் பலம். இங்கே தள்ளும் வீச்சுக்கு. என் வலது கைக்கு இது புரிய ஒரு வருஷம் ஆனது.

மெலிந்து கிடக்கிறது என்கிறீர்கள். கம்பாவின் நாதம் செல்லோ மாதிரி முன்னால் வந்து நிற்காது, உண்மைதான். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு மூச்சு போலத் தொடங்கித் தேய்ந்துவிடும். அந்தத் தேய்மானத்தில்தான் பாடுகிறவரின் மெய்யெழுத்து காதில் விழுகிறது. "மென்ஷ், டு முஸ்ட் ஷ்டெர்பென்", மனுஷனே நீ சாகவேண்டும், என்ற வரியில் அந்த 'ஷ்ட்' சத்தம் கேட்காவிட்டால் வரியில் என்ன இருக்கிறது? பெரிய கோரஸும் உருக்குத் தந்திகளும் இருக்கும் பதிவை மறுபடி கேளுங்கள். மெட்டு கேட்கும், சாகித்யம் கேட்காது. நம் ஊரில் பக்கவாத்தியம் பாட்டை மூடினால் முன்வரிசை மாமா சும்மா இருப்பாரா?

2024 செப்டம்பர் 9

காலையில் எழுந்ததும் "உலகம் கைவிட்ட" என்பது மறுபடி உறுத்தியது. குறை கண்டு யாரும் கம்பாவைக் கைவிடவில்லை. அரண்மனை அறைகளிலிருந்து இசை பெரிய மண்டபங்களுக்குப் போனது, அங்கே சத்தம் போதவில்லை. கடைசிப் பெரிய கம்பா வித்வான் என்று சொல்லப்படும் கார்ல் ஃபிரெடரிக் ஏபெல் 1787இல் லண்டனில் இறந்தார். அவருடைய அப்பா ஜெர்மனியின் கோத்தன் அரண்மனையில் பாஹுடன் வேலை பார்த்த கம்பாக்காரர். ஒரே தலைமுறையில் ஒரு கலை ஒடுங்கிப்போனது.

ரெக்கார்டர் கதை இன்னும் விசித்திரம். அர்னால்ட் டோல்மெட்ச் என்பவர் இங்கிலாந்தில் பழைய வாத்தியங்களைப் பழுது பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். 1919இல் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் அவருடைய பழைய ரெக்கார்டர் இருந்த பை தொலைந்துவிட்டது. சின்னப் பையனாக இருந்த மகன் பிளாட்ஃபாரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டான். வேறொன்று வாங்கலாம் என்றால் செய்கிறவரே இல்லை. ஆகவே தானே செய்யத் தொடங்கினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் ஊதும் குழலின் மறுபிறப்பில் அந்தப் பைக்கும் பங்கு உண்டு.

2024 செப்டம்பர் 15

இன்று முதல் ஒத்திகை. நாங்கள் தொழில்முறைக்காரர்கள் இல்லை. ஒரு பல் மருத்துவர், இரண்டு ஆசிரியைகள், ஓய்வுபெற்ற தபால்காரர், இசைக்கல்லூரி மாணவர்கள் மூன்று பேர், இப்படி. நவம்பர் 24, இங்கே இறந்தோரை நினைக்கும் ஞாயிறு. அன்று ஊர்க்கோயிலில் 106 வாசிக்கிறோம்.

முதல் பகுதி வாத்தியம் மட்டும். சொனாட்டினா என்று பெயர், இருபதே தாளக் கட்டங்கள். கம்பாக்களும் ஆர்கனும் ஒரே நிதானத்தில் தட்டிக்கொண்டே போகும், மெத்தென்று, நாடி மாதிரி. அதன்மேல் இரண்டு ரெக்கார்டர்கள். இவை தனித்தனி வரி பாடுவதில்லை. இரண்டும் ஒரே ஸ்வரத்தில் நிற்கும், ஒன்று நிற்கும்போது மற்றது சற்று நகர்ந்து திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே குரல் தனக்குள் பிளந்து சேருவது போல இருக்கும். சாதாரணப் புல்லாங்குழலில் இதை வாசிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாசிப்பாளருக்கும் தனித்த அதிர்வு வந்துவிடுவதால் இரண்டு பேராகவே கேட்கிறார்கள். ரெக்கார்டரில் அதிர்வில்லாத நேரான மூச்சு. யார் எவர் என்று தெரியாது.

பல் மருத்துவர் இன்று முதல் ஐந்து கட்டத்திலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய அம்மா வசந்தகாலத்தில் இறந்தார்.

வயலின் ஒன்றுகூட இந்தப் படைப்பில் இல்லை என்பதை முன்பு சொல்ல விட்டுவிட்டேன். வயலினை எடுத்துவிட்டு இரண்டு கம்பாவும் இரண்டு ரெக்கார்டரும் போதும் என்று முடிவெடுத்தபோது பாஹுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்று இருக்கும். அம்மா அப்பா இருவரையும் பத்து வயது ஆகும்போதே இழந்தவர்.

2024 செப்டம்பர் 29

சுருதி கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சுருதி சேர்க்க இன்று உலகம் வைத்திருக்கும் 'ஏ' ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ், 1939இல் லண்டனில் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது. பாஹ் காலச் சுருதி 415. அதனால்தான் அரை ஸ்வரம் இறங்கிக் கேட்கிறது. குடல் தந்தியை அதற்கு மேல் முறுக்கினால் நாதம் இறுகிப்போகும். பாடகருக்கும் தொண்டை நெகிழ்ந்து கிடைக்கும்.

2024 அக்டோபர் 6

மேலே 415 பற்றி எழுதியது தவறு. எங்கள் ஆர்கன்காரர் (இசைக்கல்லூரி மாணவி, நான் எழுதுவதை மொழிபெயர்ப்புச் செயலி வழியாக வாசிக்கிறார்) ஒத்திகையில் என்னை நிறுத்திவைத்து விளக்கினார்.

பாஹ் காலத்துக்கு ஒரே சுருதி கிடையாது. ஊருக்கு ஊர் வேறு, ஒரே ஊரில் வாத்தியத்துக்கு வாத்தியம் வேறு. அந்தப் பக்கத்து ஆர்கன்கள் ஏறத்தாழ 465இல் இருந்தன. பிரெஞ்சு மாதிரியில் செய்த மரக்குழல்கள் அதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே. 415 என்ற எண்ணை இருபதாம் நூற்றாண்டு எடுத்துக்கொண்டதில் வசதியும் கலந்திருக்கிறது: 440க்குச் சரியாக அரை ஸ்வரம் கீழே, ஹார்ப்சிகார்டின் (பியானோவுக்கு முந்தைய தந்தி வாத்தியம்) கட்டைவரிசையை ஒரு கட்டை தள்ளினால் போதும்.

இந்த முரண் 106இன் தாளிலேயே இருக்கிறது. பாஹின் கைப்பிரதி நமக்கு வரவில்லை. கிடைத்ததில் பழைய நகல் 1768இல் எழுதியது, அவர் இறந்து பதினெட்டு வருஷம் கழித்து. நகல்களில் ரெக்கார்டருக்கு ஆதார ஸ்வரம் 'எஃப்', மற்றவற்றுக்கு 'ஈ ஃபிளாட்'. ஆல்டோ ரெக்கார்டரின் அடி ஸ்வரமே எஃப்தான், ஈ ஃபிளாட்டுக்கு இறங்க அதில் துளை இல்லை. 465 ஆர்கனில் ஈ ஃபிளாட் அழுத்தினால் 415 குழல்காரருக்கு அது எஃப். ஆக இருவரும் ஒரே சத்தத்தைத்தான் எழுப்பினார்கள், இரண்டு பெயரில்.

நாங்கள் 415இல் எஃப் எடுத்து வாசிக்கிறோம். ஒரு ஸ்வரம் ஏற்றியதும் ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல் வரி) பாடுகிறவர், "இன்றுதான் இந்த வரி என் தொண்டைக்கு வந்தது" என்றார். கேள்வி கேட்டவர் கேட்ட இரண்டு பதிவுகளும் எந்த ஆதார ஸ்வரத்தில் இருந்தன என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இறங்கிக் கேட்டதற்கு 415 மட்டும் காரணமாக இல்லாமல் இருக்கலாம்.

2024 அக்டோபர் 13

நாலே பாடகர் என்ற விஷயம்.

1981இல் ஜோஷுவா ரிஃப்கின் பாஸ்டனில் அமெரிக்க இசையியலாளர் சங்கக் கூட்டத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். பாஹின் கோரஸ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் குரலுக்கு ஒருவர்தான் என்றார். குரல் வரிகளுக்குப் பொதுவாக ஒவ்வொரு பிரதியே இருக்கிறது, ஒரு தாளை மூன்று பேர் எட்டிப் பார்த்துப் பாடியதற்குச் சான்று இல்லை என்பது அவர் வாதத்தின் அடி. கூட்டத்தில் கொந்தளிப்பு. டோன் கோப்மன் போன்ற பெரிய கைகள் இன்றுவரை ஏற்கவில்லை. எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டுவது பாஹே 1730 ஆகஸ்ட் 23இல் லைப்சிக் நகரசபைக்கு எழுதிய மனு: ஒவ்வொரு பாடகர் குழுவுக்கும் குறைந்தது பன்னிரண்டு பேர், பதினாறு இருந்தால் நல்லது. ரிஃப்கின் தரப்பு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. பாஹே அங்கே பாடகர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போவதைப் பற்றிப் பேசுகிறார், அது கையிருப்பில் வேண்டிய ஆட்களின் கணக்கு, ஒரே நேரத்தில் வாய் திறக்கிறவர்களின் கணக்கு ஆகாது என்கிறார்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் போய்வந்தாயிற்று. முப்பது பேர் பாடும் பாஸியனில் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசை) உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். அந்த அலை முதுகில் மோதுவதை மறக்க முடியாது. ஆனால் 106க்கு நான்கு பேர்தான். "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பதை ஆல்டோவில் பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் யாருடைய ஆவி?

2024 அக்டோபர் 14

1730 மனு லைப்சிக்குக்கு உரியது, 106 முல்ஹௌசன் என்ற ஜெர்மன் ஊரில் 1707-08வாக்கில் எழுதியதாகக் கருதப்படுவது, இருபத்து மூன்று வருஷ இடைவெளியைத் தாண்டி ஒன்றை வைத்து இன்னொன்றை நிரூபிக்காதே என்று எங்கள் தபால்காரர் திருத்தினார். சரி. மனுவை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுகிறேன். ஆவி பற்றிய கேள்வியை எடுக்கவில்லை.

2024 அக்டோபர் 27

முல்ஹௌசன் போய்வந்தேன். திவி பிளாசி கோயில், பாஹ் 1707இல் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்த இடம். உயர்ந்த கோதிக் கூரை, மழைநாள் வெளிச்சம். இப்போது இருக்கும் ஆர்கன் ஷூக்கே பட்டறை 1950களில் கட்டியது, பாஹ் தன் காலத்தில் எழுதிக்கொடுத்த திருத்தத் திட்டத்தைப் பின்பற்றி. ஒரு வருஷம்தான் இங்கே இருந்தார். 1708இல் வைமாருக்குப் போய்விட்டார். அதற்குள் கல்யாணம், நகரசபைக்காக ஒரு பெரிய காண்டாட்டா (அதை நகரமே அச்சிட்டது), அநேகமாக இந்த 106உம்.

எந்தச் சாவுக்காக எழுதினார் என்பது ஊகம். எர்ஃபர்ட்டில் 1707 ஆகஸ்டில் இறந்த தாய்மாமனுக்காக என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்த மாமா மருமகனுக்கு ஐம்பது குல்டன் எழுதிவைத்திருந்தார்.

கோயிலில் உட்கார்ந்திருந்தபோது என் முதல் பதிலே கொஞ்சம் ஆட்டம் கண்டது. நாங்கள் வாசிக்கும் பெட்டி ஆர்கனைப் பற்றி. சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறோமே, அது இருபதாம் நூற்றாண்டு வசதி. அவர் காலத்தில் மாடத்தில் இருக்கும் பெரிய ஆர்கனோடு, அதன் அருகிலேயே நின்று பாடினார்கள். பெரிய ஆர்கனின் மெல்லிய குழல்வரிசை ஒன்றைத் திறந்தாலே கீழே தரை வரைக்கும் நாதம் இறங்கும், பெட்டி ஆர்கனில் அந்த அடி கிடையாது. ஆக, "மெலிந்து கிடக்கிறது" என்று கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி நியாயம் அந்தப் பெட்டியின் பக்கம் போகிறது. பழைய வாத்தியக் குழுக்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு நாம் புதுப் பழக்கம் ஒன்றை நடுவில் வைத்திருக்கிறோம். இதை அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரெக்கார்டரையும் கம்பாவையும் பற்றிச் சொன்னதை மாற்றவில்லை.

2024 நவம்பர் 10

நடுப்பகுதியை இன்று முழுசாக ஓட்டினோம். எழுதாமல் தூக்கம் வராது.

கீழ்க்குரல்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன: இது பழைய உடன்படிக்கை, மனுஷனே, நீ சாகவேண்டும். ஆர்கன் மட்டும் அவர்களோடு நடக்கிறது, கறாராக. அப்புறம் சோப்ரானோ, உச்சப் பெண்குரல், தனியாக மேலே வருகிறாள்: "ஆம், வாரும், கர்த்தராகிய இயேசுவே, வாரும்." அவள் வரும்போது ரெக்கார்டரும் கம்பாவும் வேறொரு பாட்டை வாசிக்கத் தொடங்குகின்றன. வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். என் காரியத்தைத் தேவனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று தொடங்கும் பழைய துக்கப் பாட்டு அது. அந்தக் காலத்து ஜனங்களுக்கு மனப்பாடம். யாரும் பாடாத வார்த்தைகளைக் கோயில் முழுக்க உள்ளுக்குள் பாடியிருக்கும்.

இதைச் சொன்னபோது இங்கே இருப்பவர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பு இல்லை. நாதஸ்வரத்தில் கீர்த்தனை வாசிக்கும்போது மயிலாடுதுறையில் தெருவோரம் நிற்கிறவர் வாய் முணுமுணுப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். குழலில் எழுத்து இல்லை, கேட்கிறவரிடம் இருக்கிறது.

என் பாட்டி லுத்தரன். எங்கள் பக்கம் கோயில்களில் பாடும் ஞானப்பாட்டுகளில் பல ஜெர்மன் மெட்டுகள். லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. பாஹ் முல்ஹௌசனுக்கு வேலைக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால். பின்னால் சென்னையில் இருந்த மிஷனரி ஃபப்ரீசியுஸ் அத்தகைய பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார். பாட்டி அந்த மெட்டுகளை நேராகப் பாட மாட்டாள், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு அசைவு கொடுப்பாள். துக்க வீட்டில் விடியும்வரை பாடுவாள். அவள் போனபோது என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. விசா தாளைக் கையில் வைத்திருந்த அலுவலகம் ஒன்று பதினோரு நாள் இழுத்தது.

106இல் பைபிள் வசனங்கள் வரும்போதெல்லாம் தமிழில்தான் என் காதில் விழுகின்றன. "அவருக்குள் நாம் பிழைக்கிறோம், அசைகிறோம், இருக்கிறோம்." ஜெர்மன் மூலத்தைவிட 'அசைகிறோம்' எனக்கு நெருக்கம்.

2024 நவம்பர் 11

அந்தப் பகுதி எப்படி முடிகிறது என்று சொல்லவே இல்லையே. வாத்தியங்கள் நிற்கின்றன. கீழ்க்குரல்கள் நிற்கின்றன. கடைசியில் ஆர்கனும் நிற்கிறது. சோப்ரானோ மட்டும் இயேசுவின் பெயரை மெல்ல இழைத்து, காற்றில் விட்டுவிடுகிறாள். அடுத்த கட்டம் காலி. தாளில் ஓய்வுக் குறியும் அதன்மேல் ஃபெர்மாட்டாவும் (நீட்டி நிறுத்தச் சொல்லும் குறி). எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. அந்த மௌனத்தை எல்லாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

பெரிய கோரஸ் பதிவில் இந்த இடத்தைக் கேளுங்கள் என்று கேள்வி கேட்டவரிடம் சொல்கிறேன். முப்பது சோப்ரானோக்களின் குரல் ஒன்றாக அறுபட்டால் பின்னால் கூடத்தின் எதிரொலி தங்கும். ஒருத்தியின் குரல் நின்றால் ஒன்றும் தங்காது.

2024 நவம்பர் 24, இரவு

முடிந்தது.

சாயங்காலம் ஐந்துக்குத் தொடக்கம். நாலேமுக்காலுக்கு என் மேல்தந்தி அறுந்தது. குளிருக்காகக் கோயிலில் ஹீட்டரைக் கூட்டியிருந்தார்கள். குடலுக்கு அது ஆகாது. மாற்றிய புதுத்தந்தி இழுபட்டுக்கொண்டே இருந்தது. சொனாட்டினா முடிவதற்குள் சுருதி இறங்கிவிட, இரண்டாம் பகுதியில் அந்தத் தந்தியில் இருந்த ஸ்வரங்களைப் பக்கத்துத் தந்தியில் மேல்மெட்டுகளில் பிடித்துச் சமாளித்தேன். ஆல்டோவின் வரிக்கு முன் கிடைத்த சிறு இடைவெளியில் பிரடையைத் திருகினேன். தாங்கியது.

"இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பாஸ் (அடி ஆண்குரல்) பாட, அதன்மேல் ஆல்டோ லுத்தரின் 1524ஆம் வருஷப் பாட்டை, சமாதானத்தோடு போகிறேன் என்பதை, நீளமாக இழுத்துப் பாடுகிறாள். அப்போது நாங்கள் இரண்டு கம்பாக்கள் மட்டும் அவர்களைச் சுற்றிப் பின்னிக்கொண்டு போகிறோம். பாஸ் பாதியில் முடித்துவிடுவார். ஆல்டோவும் நாங்களும் ஆர்கனும் மிச்சம். "மெதுவாக, அமைதியாக" என்ற சொல் வரும் இடத்தில் ஆல்டோ குரலை அடக்கினார். வில்லின் மயிர் தந்தியில் படுகிறதா இல்லையா என்று எனக்கே தெரியாத அளவுக்கு நானும் அடக்கினேன். கடைசி வரிசை வரைக்கும் வார்த்தை போனதாகப் பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தக் காலிக் கட்டம். யாரும் இருமவில்லை. நான் பாட்டியை நினைத்தேன். எண்ணவில்லை, ஆனால் ஐந்து மூச்சாவது இருக்கும்.

2024 டிசம்பர் 1

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். அவருடைய பெரிய கோரஸ் பதிவு ஈ ஃபிளாட், சின்னக் குழுவுடையதும் ஈ ஃபிளாட், 415இல். ஆக அவர் சொன்ன அரை ஸ்வரம் சரியான கணக்கு. நான் சந்தேகப்பட்டது வீண். காலிக் கட்டத்தை இரண்டிலும் கேட்டாராம். சின்னதுதான் என்கிறார் அந்த ஒரு இடத்துக்கு மட்டும். தொடக்கத்துச் சொனாட்டினாவுக்கு இன்னமும் புல்லாங்குழலே பிடிக்கிறதாம். பிடிக்கட்டும். ஒரு தடவை மாட ஆர்கனோடு வாசிக்கும் குழுவையும் கேட்டுவிட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து ஹைன்ரிஷ் ஷூட்ஸ் என்ற இசையமைப்பாளர் 1636இல் கேராவின் பிரபு ஒருவருடைய அடக்கத்துக்கு எழுதியதை எடுக்கிறோம். அந்தப் பிரபு உயிரோடு இருக்கும்போதே தன் சவப்பெட்டியில் எந்தெந்த வசனம் பொறிக்க வேண்டும் என்று தேர்ந்து வைத்திருந்தார். அந்த வசனங்களையே ஷூட்ஸ் இசையாக்கினார். ஆறு குரல் வேண்டும். எங்களிடம் ஒரு டெனர் (மேல் ஆண்குரல்) குறைகிறார். நான் புது மேல்தந்தி இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.